இருநூற்று நாற்பதும் ஒன்றும்

இரவில்தான் எண்ண வேண்டும்.
பகலில் அது பாசி, பட்டை, காய்ந்த இலை.
இரவில் குளிருக்கு விறைத்துக்
குச்சி நுனியைக் கட்டிக்கொண்டு தூங்கும்போது
டோர்ச் வெளிச்சத்தில் வயிறு மட்டும் வெளுத்துத் தெரியும்.
மூக்கில் கொம்பு இருந்தால் ஆண் ஓணான்.
இல்லாவிட்டால், அல்லது அரிசி நொய்யளவு இருந்தால், பெண்.

வெளிச்சம் பிடிப்பது சவரி அண்ணன்.
அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்த கால்களோடு
நான் எழுதுவேன்:
நீளம், எடை, வால் முறிந்திருக்கிறதா.
பிறகு முதுகில் ஒரு பொட்டு.
அக்கரப்பத்தனைக் கடையில் வாங்கிய
நீல நகப்பூச்சு.
நாற்பது பொட்டு வைத்தும் பாதிப் போத்தல் மிச்சம்.
மிச்சத்தை என் விரல்களுக்குப் பூசிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அதே காடு.
முப்பத்தாறு அகப்பட்டன, ஆறில் பொட்டு.
நாற்பதை முப்பத்தாறால் பெருக்கி
ஆறால் வகுத்தால்
காணாதவையும் சேர்த்து
இருநூற்று நாற்பது.

சவரி அண்ணன் சிரித்தார்.
"பாக்காததையும் எண்ணுறீங்க.
எங்களைப் பாத்துக்கிட்டே
எண்ணாம விட்டாங்க."

கணக்குக்கு நிபந்தனைகள் உண்டு.
இடையில் பிறப்பில்லை, இறப்பில்லை.
யாரும் உள்ளே வரவில்லை, வெளியே போகவில்லை.
இட்ட குறி அழியவில்லை.

எங்கள் லயம் ஞாபகம் வந்தது.
அந்த இரண்டு வாரத்துக்குள்
ரெண்டாம் காம்பராவில் ஒரு பெண்பிள்ளை.
குளவி கொட்டிச் சின்னையா போனார்.
ஜீவராணி கட்டாருக்கு.
அவள் புருஷன் பிள்ளைகளோடு வத்தளைக்கு.
பூட்டிய காம்பராவுக்கு
யாரோ புதிதாய் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஓணானோ தோலையே உரித்துவிடும்,
பொட்டோடு சேர்த்து.

காட்டுக்குக் கீழே ஏழாம் மலை.
பதினோரு ஏக்கர், ஒரே செடி.
தவறணையில் ஒரு தாய்ச்செடியை
ஓர் இலை ஒரு கணுவாய் நறுக்கி
உறையில் ஊன்றி ஊன்றி வளர்த்தது.
பூக்க விடுவதில்லை,
கவ்வாத்துக் கத்தி முந்திக்கொள்ளும்.
ஒன்றைக் கொல்லும் நோய் வந்தால்
எதுவும் தப்ப வழியில்லை.

ஓணானுக்கு அது தேயிலை அல்ல, கடல்.
நிழலில்லை, பாசியில்லை, பற்றக் குச்சியில்லை.
அக்கரையில் பீலிக்காடு, ஒரு துண்டு.
அங்கே நாற்பதோ ஐம்பதோ இருக்கலாம்.
அவ்வளவு சிறிய கூட்டத்தில் பரம்பரை என்பது
சீட்டுக் குலுக்கல்.
நல்லதா கெட்டதா என்று பாராமல்
சில மரபணு விழும், சில நிற்கும்.
எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாய்
ஒரே முகம் வரும்.

அப்படிப் பிரிந்தே கிடந்தால்
ஒருநாள் வேறாகிவிடும்.
நக்கிள்ஸில் இதன் சொந்தத்துக்கு
மூக்கில் கொம்பில்லை, இலை இருக்கிறது.
இரு மலைக்கும் நடுவே பள்ளம்,
பள்ளத்தில் வெயில்,
அவ்வளவுதான் நடந்தது.
அவ்வளவு நடக்க எத்தனை இலட்சம் வருடம்.

மூன்றாம் வாரம் பீலிக்காட்டில் ஒரு பெண்.
வயிறு நிறைய முட்டை.
முதுகில் பாதி உரிந்த தோல்,
அதன் ஓரத்தில் நீலம்.

சவரி அண்ணன் கை ஆடவே வெளிச்சமும் ஆடியது.
"நம்மளோடதா?"

பதினோரு ஏக்கர்.
கான் வழியே வந்தாளா,
தூருக்குத் தூர் ஒதுங்கியா,
எத்தனை இரவு,
மருந்தடித்த நாளில் எங்கே பதுங்கியிருந்தாள்.

பேராதனையிலிருந்து ரங்கிகா மிஸ் போனில் சொன்னார்,
அந்த ஒன்றை விலக்கிவிடுங்கள்,
மூடிய கூட்டமென்றல்லவா எடுத்திருக்கிறோம்.
சரி மிஸ் என்றேன்.

அவர் கொடுத்த புத்தகத்தில்தான் இருந்தது,
நாலைந்து பக்கம் தள்ளி:
தலைமுறைக்கு ஒருவர் கடந்தால் போதும்,
இரண்டு கூட்டமும் முற்றாகப் பிரிந்துவிடாது.
கூட்டம் பெரிதோ சிறிதோ,
ஒருவர் போதும்.

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே எழுதினேன்:
பெண், ஒன்று.
பேனா பிடித்த விரலில்
நீலம் பாதி உரிந்திருந்தது.